தோட்டத்தில் இல்லாத குருவி

மலையடிவாரத்தில், தாப்பாவில் இருக்கும் நமக்குக் கேமரன் மலை என்றால் ஸ்ட்ராபெரி, சோளம், தேயிலைத் தோட்டத்தில் ஒரு செல்ஃபி, அப்புறம் இறங்கும்போது வளைவுகளில் வாந்தி. குருவி பார்க்கப் போகிறேன் என்றால், "அதுக்கா அண்ணே எண்ணெய்க் காச கரைக்கிறீங்க? நம்ம செம்பனைத் தோட்டத்துல இல்லாத குருவியா?" என்று தம்பி கேட்கிறான்.

ஆமாம்டா, இல்லாத குருவிதான்.

நான் சொல்வது கறுப்பும் வெள்ளையுமான குட்டி ஈப்பிடிப்பான். நீளம் 11 செ.மீ. அளவுதான். ஆண் மேலே கறுப்பு, கீழே வெள்ளை, கண்ணுக்கு மேல் பட்டையான வெள்ளைப் புருவம், இறக்கையில் ஒரு வெள்ளைக் கோடு. பெட்டை சாம்பலும் பழுப்புமாக இருக்கும், ஆண் பக்கத்தில் இல்லையென்றால் பலர் கவனிக்காமலே போய்விடுவார்கள். இமயமலையிலிருந்து இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ் வரை மலைக்காடுகளில் பரவியிருக்கிற பறவை. ஆனாலும் 1888இல் ஷார்ப் என்ற ஆங்கிலேயர் இதற்கு அறிவியல் பெயர் வைத்தது நம்ம பேராக் மாநில மலையில் கிடைத்த ஒன்றைப் பார்த்துத்தான், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

ஈரமான குளிர்க்காடு இல்லாமல் இதற்கு ஆகாது. தோட்டத்தில் பெட்டி கட்டி வைத்தால் ஆந்தை வந்து தங்கி எலி பிடிக்கும், இதை அப்படிக் கீழே அழைத்து வர முடியாது. இங்கிருந்து காரில் இரண்டு மணி நேரம்தான், ஆனால் அது இறங்கி வராது, நாம்தான் ஏற வேண்டும்.

கேமரன் மலையில் இருக்கிற குனோங் பிரிஞ்சாங் சிகரத்தின் உச்சி 2,000 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். மரமெல்லாம் பாசி போர்த்திய அந்தக் காட்டில், சாலை ஓரமாகக் காலையிலேயே நின்றால் போதும். ரொம்ப நேரம் ஒன்றுமே இருக்காது, அப்புறம் திடீரென்று பல வகைச் சின்னக் குருவிகள் ஒரே கூட்டமாக மரத்துக்கு மரம் பூச்சி தேடிக்கொண்டு வரும். அந்தக் கூட்டத்தில்தான் இதுவும் அடிக்கடி சேர்ந்து திரியும். கொஞ்சம் உயரத்தில் பாருங்கள், இலையில் இருக்கிற பூச்சியைக் கொத்தும், சட்டென்று பாய்ந்து காற்றிலேயே ஒன்றைப் பிடிக்கும், அடுத்த கிளைக்குப் போய்விடும். மெல்லிய கீச்சுக்குரல், பின்னாலேயே ஒரு கரகரப்பு. அதைக் காது பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள் மேலே மேலே ஏறுவதைப் பார்க்கத்தான் எரிச்சலாக வருகிறது.

இன்னொன்று, கைப்பேசியில் அதன் குரலைப் போட்டு இழுக்காதீர்கள். யாரோ தன் இடத்தைப் பிடிக்க வந்துவிட்டான் என்று ஆண் குருவி இரை தேடுவதை விட்டுவிட்டு உங்கள் போனோடு சண்டைக்கு வரும்.