கொட்டகை மூங்கிலில் கருவண்டு

திருமங்கலம் பக்கம் எங்கள் ஊர் வீட்டில், கொட்டகை மூங்கிலுக்குள் வண்டு குடிபுகுந்துவிட்டது. சுண்டுவிரல் பருமனில் வட்டமாக ஓட்டை, தரையில் மரத்தூள், காதருகே ஹெலிகாப்டர் இரைச்சல். அப்பத்தா "கதண்டுடா, தீப்பந்தத்தை எடு" என்று கத்த ஆரம்பித்துவிட்டார்.

கதண்டு என்ற பெரிய குளவியாக இருந்தால் நானும் ஓடியிருப்பேன், அது கூட்டமாகக் கொட்டும், தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போடுவதுதான் சரி. இது கருவண்டு, தச்சுத் தேனீ என்றும் சொல்வார்கள். மரத்தைத் தின்னாது, உள்ளே தூளால் தடுப்பு வைத்து, அறைக்கு ஒரு மகரந்த உருண்டையும் ஒரு முட்டையும் வைக்கும். முகத்துக்கு நேரே வந்து மிரட்டுவது பெரும்பாலும் ஆண், அதற்குக் கொடுக்கே கிடையாது (நம்ம வீட்டு ஆம்பளைங்க மாதிரி என்றார் அம்மா). பெண்ணுக்கு உண்டு, ஆனால் பிடித்து நசுக்கினால்தான் கொட்டும். கத்தரிப்பூவை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்ப்பதும் இதே வண்டுதான், கொல்லையில் காய்ப்பது சும்மா இல்லை.

மண்ணெண்ணெயோடு வந்த சித்தப்பாவைத் தடுத்து, அந்த ஒரு மூங்கிலை மட்டும் குஞ்சு வெளியேறும்வரை அப்படியே விட்டேன். மற்றதற்கெல்லாம் வார்னிஷ் அடித்து, வெட்டிய முனைகளைச் சிமெண்டால் அடைத்தாயிற்று.

அப்பத்தா இன்னமும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டுதான் கட்டிலுக்குப் போகிறார்.