கரியர் இல்லாத சைக்கிள்

"தம்பி, செயின் பக்கக் கப் மற்றப் பக்கமாத்தான் இறுகும்."

ரேஸ் சைக்கிளின் வெறும் பிரேமை மாங்கொப்பில் தொங்கவிட்டு, மிதி அச்சைத் தாங்கும் கப்பை இறுக்க நான் சாவியைத் தேட, பரந்தனில் சைக்கிள் திருத்தும் அண்ணை சொன்னது இது. ரேஸ் சைக்கிளை அவர் கழற்றியதே இல்லை. ஊர்ச் சைக்கிளான லுமாலாவில் படித்த படிப்பு.

சரியாகத்தான் சொன்னார். மிதிக்கும்போது பாரமும் சேர்ந்து சுழல்வதால், செயின் இருக்கும் வலப்பக்கக் கப் மிதிக்கு எதிர்த்திசையில் மெல்ல மெல்ல நகரப் பார்க்கும். அதனால்தான் அங்கே மற்றப் பக்கமாக இறுகும் இடப்புரி. இத்தாலியப் புரி போட்ட பிரேம்களில் இரண்டு பக்கமும் வழக்கமான நேர்ப்புரி. வலப்பக்கக் கப் இளகுது என்று அவற்றை ஓடுகிறவர்கள் புலம்புவது சும்மா இல்லை.

கிறீஸ் பூசி இறுக்கியாயிற்று.

அண்ணை பிரேமைச் சுற்றிப் பார்த்தார். ஒற்றைக் கையால் தூக்கியும் பார்த்தார்.

"எல்லாம் சரி. கரியர் இல்லாமல் நெல்லு மூட்டையை எங்க வைப்பாய்?"