13 ஆண்டு வாடகையும் 641 என்ற மதிப்பெண்ணும்

2025 ஜூலை மாதம் கூடுவாஞ்சேரியில் எங்கள் பெயரில் ஒரு வீட்டைப் பத்திரப் பதிவு செய்தோம். 780 சதுர அடி, இரண்டு படுக்கையறை, மூன்றாவது மாடி. அதற்கு முன் 2012 ஜூன் முதல் 13 ஆண்டுகள் சென்னையின் தென்புறத்தில் நான்கு வாடகை வீடுகளில் குடியிருந்தோம். பழைய டைரிகளை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கணக்குப் போட்டுப் பார்த்தபோது, அந்த ஆண்டுகளில் நாங்கள் கொடுத்த வாடகை மட்டும் 16 லட்சம் ரூபாயைத் தாண்டியிருந்தது. ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. பெரும்பாலும் 5-ஆம் தேதிக்குள் கொடுத்துவிடுவோம். ஆனால் 2020-இல் வீட்டுக் கடன் கேட்டு முதன்முதலாக வங்கியில் போய் உட்கார்ந்தபோது, வாங்கிய கடன்களையும் அவற்றைக் கட்டிய விதத்தையும் காட்டும் என் கடன் அறிக்கையில், அதுவரை கொடுத்த வாடகையைப் பற்றி ஒரு வரிகூடப் பதிவாகியிருக்கவில்லை. பதிவாகியிருந்தது 2,340 ரூபாயில் தொடங்கிய கிரெடிட் கார்டு பாக்கி ஒன்று மட்டும்தான்; அதனால் கிடைத்த மதிப்பெண்தான் 641. வாடகை வீட்டில் இருந்துகொண்டே முதல் வீட்டுக்குத் தயாராகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் வாடகை. 2012-இல் மடிப்பாக்கத்தில் 6,500 ரூபாய்க்கு ஒரு தரைத்தள வீடு கிடைத்தது. பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்தோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்த வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அடுத்த மாதமே மேடான இடம் தேடிக் குரோம்பேட்டைக்குப் போனோம். அங்கிருந்து 2018-இல் அஸ்தினாபுரம், 2021-இல் ஊரப்பாக்கம். ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் தரகருக்கு ஒரு மாத வாடகை, காலி செய்யும் வீட்டில் பெயின்ட் அடிக்க என்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகை பிடித்தம், லாரிக் கூலி, புதிய வீட்டுக்குக் கூடுதல் அட்வான்ஸ் என்று, அதுவரை சேர்த்து வைத்திருந்த பணம் கரைந்துவிடும். வீடு வாங்க முன்பணம் சேரவில்லையே என்று வருந்துகிறவர்கள் பலரும் மாத வாடகையை மட்டுமே காரணமாகச் சொல்வார்கள். என் அனுபவத்தில், சேமிப்பை அடியோடு காலி செய்தது இந்த இடமாற்றச் செலவுதான்.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் சட்டத்தின்படி, வேறு உடன்பாடு இல்லாத நிலையில் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. ஊரப்பாக்கம் வீட்டுக்காரர் அந்த 'வேறு உடன்பாடு' என்ற சொற்களைப் பயன்படுத்திக்கொண்டு, ஆறு மாத அட்வான்ஸ் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினார். 2023 டிசம்பர் 30 அன்று, ஊரப்பாக்கத்தை அடுத்துள்ள கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே அவர் வந்து, பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டதால் இனி வாடகை 15,000 என்றார். அதுவரை நாங்கள் கொடுத்து வந்தது 11,500. மகள் அப்போது எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை பள்ளியை மாற்ற முடியாது என்பதால் ஒப்புக்கொண்டோம்.

இனி அந்த 2,340 ரூபாய்க்கு வருகிறேன். 2014-இல் அலுவலகத்துக்கே வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு வங்கி எனக்குக் கிரெடிட் கார்டு கொடுத்தது. கடைசியாக அதில் வாங்கிய ஒரு பொருளும் ஆண்டுக் கட்டணமும் சேர்ந்து 2,340 ரூபாய் நிலுவை இருந்தபோதுதான் வெள்ளம் வந்து வீடு மாறினோம். அதே சமயத்தில் நான் வேலையையும் மாற்றினேன். வங்கியில் கொடுத்திருந்த கைப்பேசி எண் பழைய நிறுவனத்தின் சிம். ஆகவே பில் மடிப்பாக்கத்துக்குப் போனது, குறுஞ்செய்தி வேறு யாருக்கோ போனது. முகவரியை மாற்றித் தர வேண்டியது என் பொறுப்பு. அதை நான் செய்யவில்லை. 2018-இல் வசூல் முகவர் ஒருவர் எப்படியோ என் எண்ணைக் கண்டுபிடித்து அழைத்தபோது, வட்டியும் தாமதக் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் சேர்ந்து தொகை 19,000-ஐத் தாண்டியிருந்தது. 8,000 கட்டினால் கணக்கை முடித்துத் தருவதாக அவர் சொன்னார். பெரிய சலுகை கிடைத்துவிட்டதாக நினைத்து அன்று மாலையே கட்டினேன்.

2020 ஜனவரியில் ஊரப்பாக்கத்தில் 31 லட்சத்துக்கு ஒரு வீட்டைப் பார்த்துவிட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தோம். வங்கி அதிகாரி திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், நீங்க அதை செட்டில் பண்ணியிருக்கீங்க, குளோஸ் பண்ணலை." இரண்டும் ஒன்று என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பாக்கியை முழுவதும் கட்டி முடித்தால் கடன் அறிக்கையில் 'குளோஸ்டு' என்று வரும். குறைத்துப் பேசி ஒரு பகுதியை மட்டும் கட்டினால் 'செட்டில்டு' என்று வரும். கடன் கொடுத்தவர் நட்டப்பட்டார் என்பதுதான் அதற்குப் பொருள். கடன் தகவல்களைத் தொகுக்கும் சிபில் நிறுவனம் தரும், 300 முதல் 900 வரை போகும் ஸ்கோரில் என்னுடையது 641. பெரும்பாலான வங்கிகள் 750-ஐ நல்ல மதிப்பெண்ணாகக் கருதுகின்றன. தனியார் பள்ளி ஆசிரியையான என் மனைவிக்கு மைனஸ் 1 என்று வந்தது. அவர் வாழ்நாளில் ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்கியதில்லை என்பதே அதற்குக் காரணம். கடன் வாங்காமல் குடும்பம் நடத்துவதைத்தான் அவருடைய பெற்றோர் அவருக்குக் கற்றுக் கொடுத்திருந்தார்கள். அதை ஒரு குறையாக ஒரு காகிதம் சொன்னது அவரைப் பல நாள் வருத்தியது. எனக்கும் அது இன்றுவரை ஏற்புடையதாக இல்லை.

அந்தப் பதற்றத்தில் நான் இன்னொரு தவறும் செய்தேன். ஒரே மாதத்தில் வேறு மூன்று வங்கிகளில் விண்ணப்பித்தேன். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் வங்கி நம் அறிக்கையைக் கேட்டுப் பெறுகிறது. அந்த விசாரணைகள் எல்லாம் அறிக்கையில் வரிசையாக நிற்கும். அடுத்தடுத்துக் கடன் தேடி அலைகிறவர் என்ற தோற்றம் உண்டாகி, ஸ்கோர் மேலும் சில புள்ளிகள் இறங்கும். நம் அறிக்கையை நாமே எடுத்துப் பார்ப்பதால் எதுவும் குறையாது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வீடு பார்க்கத் தொடங்குவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே நான் அதை எடுத்துப் பார்த்திருந்தால், அந்த ஜனவரி வேறு மாதிரி முடிந்திருக்கும்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் பொறுமையான வேலை. முதலில் விட்டுப்போன 11,000 சொச்சத்தையும் அந்த வங்கியில் கட்டி, நிலுவை இல்லை என்ற சான்றிதழை வாங்கி, 'செட்டில்டு' என்பதை 'குளோஸ்டு' என்று மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். மாறி வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. பிறகு 30,000 ரூபாயை வைப்புநிதியில் போட்டு, அதன் பேரில் ஒரு கிரெடிட் கார்டு வாங்கினேன். ஸ்கோர் இல்லாதவர்களுக்கும் சரிந்தவர்களுக்கும் எளிதாகக் கிடைக்கக்கூடிய கார்டு இது. வங்கிக்கு வைப்புநிதி கையில் இருப்பதால் தயங்குவதில்லை. எனக்குக் கிடைத்த வரம்பு 24,000. அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று முடிவு செய்து, மளிகை, கேஸ் சிலிண்டர், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் கரண்ட் பில் ஆகியவற்றை மட்டும் அதில் கட்டினோம். சமையலறைக் கதவில் தொங்கும் தினசரி காலண்டரில், கெடு தேதிக்கு ஐந்து நாள் முந்தைய தாளை மனைவி மடித்து வைத்துவிடுவார். மடிப்பு விழுந்த தாளைக் கிழிக்கும் காலையில் முழுத் தொகையும் போய்விடும். பில்லில் 'குறைந்தபட்சத் தொகை' என்று தனியாக ஒரு எண் இருக்கும். அதை மட்டும் கட்டினால் போதும் என்று நம்பியவர்கள்தான் மீள முடியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். தாமதக் கட்டணம் விழாது என்பது உண்மை. ஆனால் மீதித் தொகைக்கு மாதம் மூன்றரை சதவிகிதத்துக்கு மேல்கூட வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

மனைவியின் பெயரில் ஒரு குளிர்சாதனப் பெட்டியைப் பத்து மாதத் தவணையில் வாங்கினோம். கையில் பணம் இருந்தும் தவணையில் வாங்கியது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தப் பத்துத் தவணையும் முடிந்தபோது அவருக்கு மைனஸ் 1 போய் மூன்று இலக்க மதிப்பெண் வந்திருந்தது. கூட்டுக் கடனில் இரண்டு பேருடைய அறிக்கையையும் பார்ப்பார்கள் என்பதால் அது தேவையாக இருந்தது. வங்கியில் வைத்த நகைக்கடன்கூட இந்த அறிக்கையில் வரும். பதிவு பெற்ற சீட்டு நிறுவனத்தில் 20 மாதம் தவறாமல் கட்டிய சீட்டுப் பணம் வராது. வாடகையும் அப்படித்தான்.

பெயர் விஷயத்தில் நம்மவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஆதாரில் இனிஷியல் பின்னால், பான் அட்டையில் தந்தையின் பெயர் விரிவாக, வங்கிக் கணக்கில் இனிஷியல் முன்னால் என்று ஒரே ஆள் மூன்று விதமாக இருப்பது நம் ஊரில் சாதாரணம். என்னுடன் பணிபுரியும் ஒருவரின் அறிக்கையில், அவர் வாங்காத இருசக்கர வாகனக் கடன் ஒன்று தவணை தவறிய நிலையில் இருந்தது. அதே பெயருள்ள இன்னொருவருடைய கடன் அது. இணையத்தில் இலவசமாகவே புகார் கொடுக்கலாம். 30 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். 2024 ஏப்ரல் முதல், அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதியும் வந்திருக்கிறது. அவருக்கு அது நீங்கியபோது ஸ்கோர் 60 புள்ளிக்கு மேல் ஏறியது.

இதற்கிடையில் என் மைத்துனர் ஒரு கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்டார். ஜாமீன் போட்ட கடனும் நம் அறிக்கையில் நம் பொறுப்பாகவே நிற்கும்; அவர் தவறினால் அது நம் தவறாகப் பதிவாகும். இதைச் சொல்லி மறுத்தது எளிதாக இல்லை. "மாமா, என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அடுத்த பொங்கலுக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அதன் பிறகு சரியாகிவிட்டது என்றாலும், ஸ்கோருக்காக நாங்கள் கொடுத்தவற்றில் அதையும் சேர்த்துத்தான் கணக்கிடுகிறேன்.

என் ஸ்கோர் 2021 இறுதியில் 688, 2023-இல் 731, 2025 தொடக்கத்தில் 768. அறிக்கையில் மாதவாரிப் பதிவு 36 மாதங்களுக்குத்தான் தெரியும் என்பதால், காலம் ஆக ஆகப் பழைய கறை பின்னுக்குப் போகிறது. 2025 பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள், வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான ரெப்போ வட்டியை ரிசர்வ் வங்கி 6.5-லிருந்து 5.5 சதவிகிதமாகக் குறைத்ததும் எங்களுக்கு உதவியது.

வீட்டின் விலை 42 லட்சம். கடன் 30 லட்சம் வரை இருந்தால் மதிப்பில் 90 சதவிகிதம் வரையும், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவிகிதமும்தான் வங்கிகள் கொடுக்கலாம். எனவே எங்களுக்குக் கிடைத்தது 33.6 லட்சம், 8.4 லட்சம் நாங்கள் போட வேண்டியது. இதற்கு மேல் பத்திரச் செலவு தனி. அது கடன் கணக்கில் சேராது என்பதைப் பலர் கடைசி வாரத்தில்தான் தெரிந்துகொள்கிறார்கள். 50 லட்சம் வரையிலான புதிய அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு முத்திரைத் தீர்வை 4 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம், ஆக 2.52 லட்சம். சீட்டு, பி.எஃப். பணம், மனைவியின் எட்டுப் பவுன், ஊரப்பாக்கம் வீட்டின் அட்வான்ஸ் எல்லாம் சேர்ந்து அந்தத் தொகையை எட்டினோம்.

20 ஆண்டுகளுக்கு 8 சதவிகித வட்டியில் மாதத் தவணை 28,104 ரூபாய். ஸ்கோர் குறைவாக இருந்து வங்கி அரை சதவிகிதம் கூடுதலாகக் கேட்டிருந்தால் 29,159. மாதம் ஆயிரம் ரூபாய் வித்தியாசம்தானே என்று தோன்றும். 240 மாதங்களுக்குப் பெருக்கினால் 2.53 லட்சம்; நாங்கள் கட்டிய பத்திரச் செலவு முழுவதும் அதில் அடங்கிவிடும்.

இதே வளாகத்தில் இதே அளவு வீடு 14,000 அல்லது 15,000 ரூபாய் வாடகைக்குக் கிடைக்கிறது. தவணையில் பாதிதான். பணத்தை மட்டும் பார்த்தால் வாடகையில் இருந்துகொண்டு மீதியைச் சேமிப்பதே சரி என்று சொல்கிறவர்களோடு நான் வாதிட மாட்டேன். மகள் பத்தாம் வகுப்பு முடிக்கும் வரை யாரும் எங்களைக் காலி செய்யச் சொல்லக் கூடாது என்பதற்காகவே நாங்கள் வாங்கினோம். ஆனால் ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். மாதாமாதம் வங்கி வழியாகச் செல்லும் வாடகையை, வாடகைதாரர் விரும்பினால், கடன் அறிக்கையில் சேர்க்க வழி செய்ய வேண்டும். 13 ஆண்டுகள் தவறாமல் பெருந்தொகை கட்டிய ஒரு குடும்பத்தைப் பற்றி, தவணை கட்டும் அதன் ஒழுக்கத்தைப் பற்றி, இதைவிட நல்ல சாட்சி வங்கிக்குக் கிடைக்காது.

சென்ற வாரம் என் அறிக்கையை மறுபடி எடுத்தேன். வீட்டுக் கடன் புதிய வரியாக வந்திருக்கிறது. முதல் தவணைகள் சரியாகப் பதிவாகியிருக்கின்றன. கணக்குகளுக்கு மேலே, முகவரிகள் என்ற பகுதியில், வங்கிகள் அவ்வப்போது கொடுத்த நான்கு முகவரிகள் இருந்தன. கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், அஸ்தினாபுரம், கடைசியாக மடிப்பாக்கம். குரோம்பேட்டை மட்டும் இல்லை. அங்கிருந்தபோதுதான் நான் முகவரியை மாற்றித் தராமல் இருந்தேன்.