பின்வரிசை

ஜூன் 9, திங்கள்

எதிர்வீட்டு அக்கா ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இன்று போய்விட்டேன். சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம், ஒரு பர்னிச்சர் கடைக்கு மேல்மாடி. காலை ஆறு மணி உடற்பயிற்சி வகுப்பு, 45 நிமிடம். சுவரில் சிவப்பு எண்கள் ஓடும் பெரிய கடிகாரம். உண்மையில் அதுதான் வாத்தியார். 40 விநாடி செய்ய வேண்டும், 20 விநாடி நிற்க வேண்டும், மணி அடித்ததும் அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். ஓரிடத்தில் நாற்காலியில் உட்காருவதுபோல் இறங்கி எழும் ஸ்குவாட், அடுத்ததில் பலகை மேல் ஏறி இறங்குவது, அதற்கடுத்து தரையில் கையூன்றி முழங்காலை மாற்றி மாற்றி நெஞ்சுக்கு இழுக்கும் மவுண்டன் கிளைம்பர், அப்புறம் மணிக்கட்டுப் பருமனில் ஒரு கயிறு. அதைத் தூக்கித் தூக்கி அடிக்க வேண்டும்.

எனக்கு 44 வயது. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிப் பட்டறைக்குக் கணக்கு எழுதுகிறேன். பட்டறையில் மற்றவர்கள் எதற்காவது எழுந்து நடப்பார்கள்; நான் மட்டும் காலை பத்திலிருந்து இரவு ஏழு வரை நாற்காலிதான். போன மாதம் எடுத்த மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 6.1 சதவீதம். 5.7-இலிருந்து 6.4 வரை இருந்தால் இன்னும் நோய் ஆகவில்லை, ஆனால் எல்லையில் நிற்கிறோம் என்று கணக்கு. டாக்டர் நடக்கச் சொன்னார். மூக்கனேரிக் கரையில் நடந்துகொண்டுதான் இருந்தேன். அதில் நடை பாதி, பேச்சு பாதி.

முன்வரிசையில் காலேஜ் பிள்ளைகளும் ஐ.டி. பையன்களும். பின்வரிசையில் நாங்கள். வழக்கமாகவே அப்படித்தானாம், யாரும் சொல்லிப் பிரிப்பதில்லை.

கை கால் விரித்துக் குதிக்கும் ஜம்பிங் ஜாக் ஆரம்பித்ததும் பாட்டுச் சத்தத்தையும் மீறி என் கொலுசு கேட்டது. ஒவ்வொரு குதிக்கும் ஒரு ஜல். மூச்சு வாங்கி நின்றேன். மாஸ்டர் முதுகைக் காட்டியபடியே, "என்னக்கா, கொலுசு நின்னுடுச்சு?" என்றார். மொத்த ஹாலும் சிரித்தது. "சாக்ஸை மேல இழுத்து விடு, சத்தம் வராது" என்று அக்கா காதோரம் சொன்னார். அனுபவம் போல.

கடைசி மணி அடித்ததும் பக்கத்தில் ஒரு பெண் பொத்தென்று உட்காரப் போனாள். மாஸ்டர் ஓடி வந்து எழுப்பி நடக்கவிட்டார். கால் தசை சுருங்கி விரியும்போதுதான் ரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஓட்டத்தைத் திடீரென்று நிறுத்தினால் ரத்தம் காலிலேயே தேங்கி, தலை சுற்றும். அதனால் கடைசி ஐந்து நிமிடம் எல்லாரும் ஹாலைச் சுற்றி நடந்தோம். எனக்குப் பிடித்த ஐந்து நிமிடம் அதுதான்.

ஜூன் 10, செவ்வாய்

மாடிப்படி இறங்க முடியவில்லை. ஏறிவிட முடிகிறது, இறங்கும்போதுதான் தொடை கெஞ்சுகிறது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினேன்.

"லாக்டிக் ஆசிட் சேர்ந்திருக்கும்" என்றார் வீட்டுக்காரர், தினசரியிலிருந்து தலை தூக்காமல். வகுப்பில் ஒரு நர்ஸ் அக்கா இருக்கிறார். அவரிடம் போனில் கேட்டேன். அந்த ஆசிட்டெல்லாம் உடற்பயிற்சி முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்திலிருந்து கிட்டத்தட்ட வடிந்துவிடுமாம். அடுத்த நாள் வலிக்குக் காரணம் வேறு: தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கும்போது அதன் நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதமும், அதைச் சரிசெய்ய உடம்பு கிளப்பும் வீக்கமும். ஸ்குவாட்டில் கீழே இறங்குவதும், பலகையிலிருந்து இறங்குவதும், மாடிப்படி இறங்குவதும் எல்லாமே தொடைத்தசைக்கு அந்த வேலைதான். ஒரு நாள் கழித்து ஏறும், மூன்று நாளுக்குள் உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கும்.

"வலி இருக்கட்டும், பரவாயில்ல. யூரின் மட்டும் கோலா கலர்ல போச்சுன்னா போன் பண்ணிட்டு இருக்காத, நேரா ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார். அளவுக்கு மீறிப் போனால் தசை உடைந்து அதன் சத்து ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்குமாம். ஆரம்பத்தில் வேகம் காட்டுகிறவர்களுக்குத்தான் அது வருவது அதிகம். எனக்கு அந்தப் பயம் இல்லை, நான் காட்டிய வேகம் எனக்குத் தெரியும்.

ஜூன் 11, புதன்

வலியோடு போனேன். இன்று நாடி எண்ணிய நாள். கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி நாலால் பெருக்க வேண்டும். மாஸ்டர் பலகையில் எழுதினார்: 220-இலிருந்து வயதைக் கழி, அதுதான் இதயம் போகக்கூடிய உச்சம். எனக்கு 176. அதில் 80 சதவீதம், அதாவது 141-க்கு மேல் போனால் வகுப்பு வேலை செய்கிறது என்று அர்த்தம்.

பின்வரிசையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார், 65 வயது. அவர் கையைத் தூக்கினார். "தம்பி, அது பழைய கணக்கு. 2001-ல வேற ஒண்ணு வந்திருக்கு. வயசை 0.7-ஆல பெருக்கி 208-ல கழிக்கணும்." போட்டுப் பார்த்தோம். எனக்கு 177, பழையதற்கும் இதற்கும் ஒன்றுதான் வித்தியாசம். அவருக்கோ பழைய கணக்கில் 155, புதியதில் 162. "ஏழு வித்தியாசம். அவ்வளவு நாளா என்னைக் கிழவனாக்கி வச்சிருந்தீங்க" என்றார். மாஸ்டருக்கு 24 வயது இருக்கும், எடப்பாடிப் பக்கம். "சாரி சார்" என்று பலகையை அழித்தார்.

இரண்டுமே சராசரிதான், ஆளுக்கு ஆள் பத்து கூடும், பத்து குறையும் என்று நர்ஸ் அக்கா அப்புறம் சொன்னார். பிரஷர் மாத்திரையில் சில வகை இதயத்துடிப்பையே அடக்கி வைக்கும். அந்த மாத்திரை போடுகிறவருக்கு எந்த எண்ணும் பொருந்தாது. அவர்கள் பேச்சை வைத்துப் பார்க்கலாம். ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடிந்தால் நடுத்தரம். இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு இழுத்தால் தீவிரம். மூக்கனேரியில் நாங்கள் பேசிய பேச்சை நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 13, வெள்ளி

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன், யாராவது ஒருத்திக்கு உதவும்.

கயிறு தாண்டும் இடம் வரும்போதெல்லாம் எதிர்வீட்டு அக்கா தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். ஷூ நாடா கட்டுவார். போன் வந்ததாகச் சொல்வார். இன்று நானும் கயிறு தாண்டினேன், எனக்கும் புரிந்தது. இரண்டு சுகப்பிரசவம். குதித்து இறங்கும்போது சொட்டு சிறுநீர் கசிகிறது. இருமினாலும் தும்மினாலும் முன்பே உண்டு. ஆனால் 40 விநாடி தொடர்ந்து குதிப்பது வேறு சங்கதி. நானும் தண்ணீர் குடிக்கப் போனேன். அங்கே அக்கா நின்றிருந்தார். இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பின்வரிசையில் இப்படியொரு வகுப்பு தனியாக நடந்துகொண்டிருக்கிறது. கண்ணாடி முன்னால் நிற்கும் பிள்ளைகளுக்கு அது தெரியாது, மாஸ்டருக்கும் தெரியாது. "அக்காங்க டிமிக்கி குடுக்கறாங்க" என்று மைக்கில் கிண்டல் வேறு.

இது வயசானால் வருவது, பொறுத்துக்கொள்ள வேண்டியது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். மூத்திரப்பையைத் தாங்கும் இடுப்புத்தளத் தசை தளர்ந்துபோவதால் வருவது. தசை என்றால் அதற்கும் பயிற்சி உண்டு. அமெரிக்காவில் கெகெல் என்ற மகப்பேறு மருத்துவர் 1948-லேயே இதை எழுதிவைத்திருக்கிறார். காற்றை அடக்குவதுபோல் ஆசனவாயையும் அதன் முன்பக்கத்தையும் உள்ளிழுத்துச் சில விநாடி பிடித்து, அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து, நாளுக்கு மூன்று தடவை. பலன் தெரிய மூன்று மாதம்கூட ஆகலாம். நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம், எதிரே இருப்பவருக்குத் தெரியாது. எனக்குத்தான் நாளெல்லாம் நாற்காலி இருக்கிறதே. அப்படியும் கசிவு நிற்கவில்லை என்றால் மகப்பேறு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

வகுப்பு முடிந்ததும் நர்ஸ் அக்கா மாஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். என்ன சொன்னாரோ தெரியாது. பையன் காது சிவந்துபோய்த் திரும்பி வந்தான்.

ஜூன் 16, திங்கள்

இன்று மைக்கில்: "குதிக்கறவங்க குதிங்க. மத்தவங்க ஒரு கால் மாத்தி ஒரு கால் பக்கத்துல வைங்க, கை மட்டும் வேகமா. ரெண்டும் ஒண்ணுதான்." டிமிக்கி என்ற பேச்சே இல்லை.

ரெண்டும் ஒன்றா என்று கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். குதிக்காமலே 148 வந்தது. கையை நிஜமாகவே வேகமாக வீச வேண்டும், அவ்வளவுதான்.

ஷூவுக்குள் மெட்டி அழுத்துகிறது. விரல் சிவந்துவிட்டது. மெட்டியைக் கழற்ற மாமியார் ஒப்ப மாட்டார்; முன்பக்கம் அகலமான ஷூ தேட வேண்டும்.

ஜூன் 20, வெள்ளி

மாடிப்படியில் புதிதாக ஒரு நோட்டீஸ்: "டபாட்டா! 4 நிமிடத்தில் கொழுப்பு கரையும்!" மாஸ்டர் ஒட்டியதல்ல, உரிமையாளர் ஒட்டியது.

தலைமையாசிரியர் படித்துவிட்டு வந்திருந்தார். டபாட்டா என்பது ஒரு ஜப்பானியப் பேராசிரியரின் பெயர், இசுமி டபாட்டா. ஸ்பீட் ஸ்கேட்டிங் வீரர்களுக்கு ஒரு பயிற்சியாளர் வைத்திருந்த முறையை அவர் ஆராய்ந்து 1996-ல் கட்டுரை வெளியிட்டார். 20 விநாடி முழு மூச்சு, 10 விநாடி ஓய்வு, ஏழெட்டு தடவை. செய்தவர்கள் இருபது வயதை ஒட்டிய, ஏற்கெனவே பயிற்சியில் இருந்த மாணவர்கள். செய்தது நிற்கும் சைக்கிளில். வேகம், உடம்பு அதிகபட்சம் ஆக்சிஜன் எடுக்கும் நிலைக்குத் தேவையானதைப்போல் 1.7 மடங்கு. கடைசிச் சுற்றில் மிதிக்க முடியாமல் போக வேண்டும், அதுதான் விதி. ஆறு வார முடிவில் அவர்கள் மூச்சுத்திறன் கூடியது. கொழுப்பு கரைவதை அந்தக் கட்டுரை அளக்கவே இல்லை. நாங்கள் செய்வது அந்தக் கடிகாரத்தை மட்டும் கடன் வாங்கிய வேறொன்று. அதில் தப்பில்லை, ஆனால் நோட்டீஸை ஒட்டிவிட்டு, பக்கத்துத் தெருவில் தட்டுவடை செட் சாப்பிடுகிற ஊரில் நாலு நிமிடக் கணக்கு எப்படிச் செல்லும்?

பர்பியும் அப்படித்தான். நின்ற இடத்தில் குனிந்து கையூன்றி, காலைப் பின்னால் எறிந்து தண்டால் நிலைக்குப் போய், திரும்பி எழுவது. ராயல் பர்பி என்ற அமெரிக்கர் 1930-களில் அதைக் கண்டுபிடித்தது உடற்பயிற்சிக்காக அல்ல, உடல் தகுதியைச் சோதிக்க. நான்கே நான்கு செய்யச் சொல்லி, முன்னும் பின்னும் நாடி பார்த்தார். போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்டு எண்ணிக்கையைக் கூட்டிவிட்டது. இதைக் கேட்டதிலிருந்து நான் நான்கோடு நிறுத்திக்கொள்கிறேன். மாஸ்டர் பார்க்கும்போது, "பர்பி சாரே நாலுதான் சொன்னாரு" என்கிறேன். பதில் இல்லை அவரிடம்.

ஜூன் 21, சனி

யோகா தினம். மாஸ்டர் ஒரு பள்ளிக்கு யோகா சொல்லித்தரப் போய்விட்டார். நன்றாகத் தூங்கினேன்.

ஜூன் 22, ஞாயிறு

ஏற்காடு. வீட்டுக்காரர், சின்னவன், நான். பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் தாண்டி ஏரிக்கரையில் இறங்கி, மதியத்துக்கு முன்பே கிளியூர் அருவிக்குப் போனோம். அந்த இறக்கம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். போகும்போது சிரித்துக்கொண்டு போகலாம், திரும்பும்போதுதான் பாதி பேர் பாதியில் உட்கார்ந்திருப்பார்கள். தண்ணீர் சுமார்தான்.

ஏறும்போது வகுப்புக் கணக்கையே வைத்துக்கொண்டேன். மூச்சு முட்டும்வரை காத்திருக்காமல், ஒரு வளைவு ஏறி, நின்று, பேச்சு திரும்பியதும் அடுத்தது. வீட்டுக்காரர் ஒரே மூச்சாகக் கிளம்பி எங்களைத் தாண்டிப் போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு பாறையில் அவரைப் பிடித்தோம். பேச முடியாமல் கையை மட்டும் ஆட்டினார். "முன்வரிசைப்பா நீங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. சின்னவன் மட்டும் அம்மா எப்படி முதலில் வந்தாள் என்று வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தான்.

ஜூன் 23, திங்கள்

நேற்று அவ்வளவு இறங்கியும் தொடை லேசாகத்தான் வலிக்கிறது. ஒருமுறை இந்த மாதிரி வேலையைப் பார்த்த தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலைக்கு அவ்வளவு சேதப்படாது என்றார் நர்ஸ் அக்கா. வீட்டுக்காரர் இன்று பக்கவாட்டில் படி இறங்குகிறார். லாக்டிக் ஆசிட் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் 30, திங்கள்

ஃபீஸ் நாள். மூன்று மாதம் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்றார் உரிமையாளர். நான் ஒரு மாதம் போதும் என்றேன். இந்த மாதக் கடைசியில் ஒரு தடவை சர்க்கரை பார்த்துவிட்டு முடிவு பண்ணலாம் என்று இருந்தேன். நர்ஸ் அக்கா வேண்டாம் என்று தலையாட்டினார். சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும், அதில் ஒட்டிய சர்க்கரையைத்தான் அந்தச் சோதனை அளக்கிறது. இப்போது எடுத்தால் வகுப்புக்கு முந்தின மைசூர்பாகும் சேர்ந்துதான் வரும். செப்டம்பரில் எடு என்றார்.

உரிமையாளர் விடுவாரா? "சர்க்கரையே மூணு மாசம் கழிச்சுத்தான் தெரியும்னா, ஃபீஸும் மூணு மாசத்துக்குக் கட்டறதுதானேக்கா நியாயம்?"

நியாயம்தான். ஆனால் ஆடியில் கல்யாணம் இல்லை, பட்டறையில் வேலை குறைவு, அதனால் வர முடியும். ஆவணி முகூர்த்தம் பிறந்து கொலுசு ஆர்டர் குவிந்தால் இரவு பத்து மணிக்குத்தான் வீடு. காலை ஆறுக்கு எங்கே எழுவது? ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டினேன். நோட்டீஸைக் கிழித்தால் இரண்டு மாதம் கட்டுகிறேன் என்று தலைமையாசிரியர் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.