கீழ்த்தளத்தில் முளைக்கும் பார்லி

குடியாத்தத்திலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய கேழ்வரகு மால்ட் டப்பா ஒரு ஜனவரி மாதம் காலியானது. மகளுக்கு அப்போது பத்து மாதம். கனடாவின் சஸ்கட்டூன் நகரத்துக்கு நாங்கள் வந்து அது இரண்டாவது குளிர்காலம், வெளியே மைனஸ் 30 டிகிரி. டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த மாவைக் கரண்டியால் சுரண்டிக் காய்ச்சிய அன்றைக்குத்தான் ஊரைவிட்டு எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது உறைத்தது. விமானம் ஏறிய அன்றுகூட அப்படி இல்லை.

எங்கள் வீட்டில் கேழ்வரகு முளைகட்டுவதைத் தனி வேலையாக யாரும் நினைத்ததில்லை. சாயங்காலம் கல் அரித்து, கழுவி ஊறப்போட்டு, விடிந்ததும் தண்ணீரை வடித்து, அப்பாவின் பழைய வேட்டியில் கிழித்த துண்டில் மூட்டை கட்டிச் சமையலறை ஆணியில் மாட்டிவிடுவாள் அம்மா. சித்திரை மாதமென்றால் மறுநாள் காலைக்குள் துணியைத் துளைத்துக்கொண்டு வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப்பார்க்கும். மொட்டைமாடியில் காயவைத்து, இரும்புச் சட்டியில் வாசம் வரும்வரை லேசாக வறுத்து, முறத்தில் தேய்த்துப் புடைத்து, மில்லுக்கு அனுப்பினால் முடிந்தது. பாதி வேலையை வேலூர் வெயிலே பார்த்துவிடும்.

இங்கே நான் போகும் கடையில் கேழ்வரகு மாவுதான் இருந்தது, முழுத் தானியம் இல்லை. பார்லியோ ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும். சின்ன வயதில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் படித்த ‘மால்ட்’ என்பது முளைகட்டிய பார்லிதானே, அதையே செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. பார்லியில் சிலருக்கு ஒத்துக்கொள்ளாத குளூட்டன் என்ற புரதம் உண்டு, கேழ்வரகில் கிடையாது. அதனால் முதலில் குழந்தை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டேன். தாராளமாகக் கொடுக்கலாம் என்றார்.

கடையில் ஒரு பாக்கெட் பார்லி வாங்கி ஊறவைத்தேன். மூன்று நாளாகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை, நொசநொசவென்று ஆனதுதான் மிச்சம். வீடியோ காலில் காட்டினேன். அம்மா ஃபோனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, “இன்னாடி இது, தீட்டின அரிசி மாதிரி பளபளன்னு இருக்குது. தீட்டினது எங்கயாவது முளைக்குமா?” என்றாள். அதுதான் விஷயம். கடையில் விற்பது முத்துப் பார்லி. உமியோடு முளைக்கருவும் தீட்டுவதிலேயே போய்விடுகிறது. பார்லியை வாழ்நாளில் பயிரிட்டுப் பார்க்காத அம்மா ஒரு பார்வையில் சொல்லிவிட்டாள்.

என் வீட்டுக்காரருடன் வேலை பார்ப்பவர் ஒருவரின் குடும்பத்துக்கு ஊருக்கு வெளியே நிலம் இருக்கிறது. பார்லி வேண்டும் என்றதும், பீர் காய்ச்சவா என்று கேட்டார். குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச என்றதும் ஒரு மூட்டையைச் சும்மாவே கொடுத்தார். கதிரில் இரண்டு வரிசையாக மணி பிடிக்கும் பார்லி, சிடிசி கோப்லேண்ட் என்ற ரகம். இதே ஊரில் இருக்கும் சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியதாம். அவர் இரண்டு விஷயம் சொல்லி அனுப்பினார். விதைக்கென்று விற்பதில் மருந்து கலந்திருக்கும், அதைச் சாப்பாட்டுக்குத் தொடவே கூடாது. அறுத்த சூட்டோடு பார்லி முளைக்காது, சில வாரம் உறங்கும். இது போன செப்டம்பரில் அறுத்தது, தைரியமாகப் போடலாம் என்றார். நூறு மணியை எண்ணி ஈரத்தாளில் போட்டுப் பார்த்தேன், தொண்ணூற்றேழு முளைத்தது.

ஆனாலும் அடுத்த ஊறலும் கெட்டது. குடியாத்தத்தில் செய்கிற மாதிரியே ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டு, துணியில் இறுக்கிக் கட்டி, ஹீட்டர் பக்கத்தில் வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் புளித்த வாடை, நான்காம் நாள் பச்சையாகப் பூஞ்சணம். மொத்தத்தையும் குப்பையில் கொட்டினேன். அன்று அழுகையாக வந்தது. இரண்டு கிலோ தானியத்துக்காக மட்டும் வந்த அழுகை இல்லை அது.

அப்புறம் உட்கார்ந்து படித்தேன். பார்லிக்குச் சூடு ஆகாது. பன்னிரண்டிலிருந்து பதினைந்து டிகிரி குளிர்தான் அதற்குச் சுகம். தண்ணீரிலேயே கிடந்தால் மூச்சு முட்டிச் செத்துவிடும். எட்டு மணி நேரம் தண்ணீர், எட்டு மணி நேரம் காற்று என்று மாற்றி மாற்றி இரண்டு நாள் விட வேண்டும். எங்கள் வீட்டின் கீழ்த்தளம் பதினான்கு டிகிரியில்தான் இருக்கும். வந்த நாளிலிருந்து துணி துவைக்க மட்டும் சால்வையைப் போர்த்திக்கொண்டு இறங்கிவிட்டு ஓடி வந்துவிடுவேன். அந்த அறைதான் பார்லிக்குத் தோதான இடம்.

சாமான்கள் எல்லாம் நாங்களே செய்தவை. ஒரு வாளியின் அடியில் டிரில்லால் சின்னச் சின்ன ஓட்டை போட்டு, அதை ஓட்டையில்லாத இன்னொரு வாளிக்குள் இறக்கினோம். உள்வாளியைத் தூக்கினால் தண்ணீர் வடிந்துவிடும், இட்லிப் பானைத் தட்டைத் தூக்குகிற மாதிரி. ஊறும்போது காற்று போக மீன்தொட்டி பம்பு ஒன்று. முளைகட்ட அகலமான பிளாஸ்டிக் தட்டு. காயவைக்க மரச்சட்டத்தில் ஸ்டீல் வலை அடித்து நாலு தட்டு, அவற்றை அடுக்க ஒரு பெட்டி, அடியில் சின்ன ஹீட்டர் ஃபேன், மேலே ஈரக்காற்று வெளியேற ஒரு ஓட்டை. வீட்டுக்காரர் ஒரு சனிக்கிழமையில் முடித்துக் கொடுத்தார். பெட்டி ஓடும்போது வீட்டில் ஒருவர் விழித்திருப்போம், ஹீட்டரை நம்பித் தூங்கப் போவதில்லை.

ஊறியது போதுமா என்று பார்க்கத் தராசு போதும். இரண்டு கிலோ பார்லி ஊறி வடித்தபின் மூன்று கிலோ இருநூறு கிராம் வந்தால் சரியான பதம். ஈரம் கிட்டத்தட்ட நாற்பத்தைந்து சதவீதம் ஏறியிருக்கும். அடுத்த நான்கு, ஐந்து நாள் தட்டில் பரப்பி, நாளைக்கு மூன்று தரம் பிரட்டிவிட வேண்டும். விட்டால் வேர்கள் ஒன்றோடொன்று பின்னிப் பாய் மாதிரி ஆகிவிடும், நடுவில் சூடேறிவிடும்.

எனக்குப் பிடித்த வேலை மணியைப் பிளந்து பார்ப்பது. கேழ்வரகில் எல்லாம் வெளியே தெரியும். பார்லியில் வேர் மட்டும்தான் மூன்று நான்கு வெள்ளை நூலாக வெளியே வரும். குருத்து உமிக்கு அடியில், மணியின் முதுகோடு ஒட்டி மறைவாக ஏறும். பிளேடால் முதுகுப்பக்கம் நீளவாக்கில் கீறினால் வெளிர்பச்சையில் ஊசிமுனை அளவுக்குத் தெரியும். மணியின் நீளத்தில் முக்கால் பங்கு ஏறியதும் நிறுத்திவிட வேண்டும். உமியைத் தாண்டி வெளியே வந்துவிட்டால், மாவிலிருக்க வேண்டிய சத்தைக் குருத்து தின்றுவிட்டது என்று அர்த்தம். நாலாம் நாள் ராத்திரி பத்து மணியைக் கீறிப் பார்ப்பேன். அரிசிமணி மாதிரி கடினமாக இருந்தது இப்போது விரலிடுக்கில் தேய்த்தால் சுண்ணாம்பாகப் பொடியும். வெள்ளரிக்காயை நறுக்கின வாசம் வரும்.

காயவைப்பதில் அவசரம் கூடாது. ஈரமாக இருக்கும்போதே சூடேற்றினால் மாவுச்சத்தை உடைக்கிற நொதி (என்சைம்) செத்துப்போகும். பெட்டியில் நாற்பத்தைந்து டிகிரியில் ஒரு நாள், அப்புறம் அடுப்பில் மூன்று மணி நேரம். இங்கத்து ஓவன் அடுப்பின் குறைந்தபட்சச் சூடே எழுபத்தேழு டிகிரி, கடைசிக் கட்டத்துக்கு அது சரியாக இருக்கிறது. வேரைத் தேய்த்து உதிர்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும். பார்லி உமி மணியோடு ஒட்டியே இருப்பதால் அரைத்தபின் மெல்லிய சல்லடையில் இரண்டு தரம் சலித்துத்தான் மகளுக்குக் கொடுக்கிறேன்.

போன மார்கழியில் ஊருக்குப் போனபோது அரைக் கிலோ மாவு கொண்டுபோனேன். அம்மா அரிசிக் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி இரண்டு டம்ளரில் ஊற்றினாள். கை பொறுக்கிற சூட்டைத் தாண்டிக் கொஞ்சம் சுடும்போது, ஒன்றில் என் பார்லி மாவையும் இன்னொன்றில் தன் கேழ்வரகு மாவையும் ஒவ்வொரு ஸ்பூன் போட்டுக் கலக்கினாள். கொஞ்ச நேரத்தில் இரண்டுமே மோர் மாதிரி இளகின. என்னுடையது முந்திக்கொண்டது. 1833-ல் பிரான்சில் பாயன், பெர்சோ என்ற இருவர் டயாஸ்டேஸ் என்ற நொதியைப் பிரித்தெடுத்தது முளைகட்டிய பார்லியிலிருந்துதான். மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பது அதுதான். கஞ்சி நீர்த்துப்போவதால் சின்னக் குழந்தையின் வயிற்றுக்குள் கூடுதல் தானியம் போய்ச்சேரும். இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருக்க, அம்மா இரண்டு டம்ளரையும் மாற்றி மாற்றிக் குடித்துப் பார்த்தாள். “உன்னுது தித்திப்பா இருக்குது. ஆனா கேவுரு வாசம் இல்ல” என்றாள். எனக்கும் அப்படித்தான்.

அந்த மார்கழிக் குளிரில் குடியாத்தத்திலும் கேழ்வரகு ஒரே ராத்திரியில் முளைக்கவில்லை. அம்மா மூட்டையைக் கோணிச் சாக்கில் சுற்றி, அரிசி டிரம்முக்குள் வைத்தாள். இத்தனை வருஷமாக நான் கவனிக்காத விஷயம் அது.

எங்கள் மாகாணமான சஸ்காட்செவனில் மற்ற ஊர்கள் மாதிரி கோடைக்கு ஒரு நேரம், குளிருக்கு ஒரு நேரம் என்று கடிகாரத்தை மாற்றுவதில்லை. வருஷம் முழுக்க எங்களுக்கும் வேலூருக்கும் பதினொன்றரை மணி நேர வித்தியாசம்தான். காலை ஆறு மணிக்குப் பார்லியைப் பிரட்ட இறங்கும்போது அங்கே மாலை ஐந்தரை. அம்மா வாசல் தெளித்துவிட்டு விளக்கேற்றுவதற்கு முன்னால் கூப்பிடுவாள். ஃபோனை வாளிமேல் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு கையாலும் தானியத்தை அள்ளிப் புரட்டுவேன். இன்றைக்கு மூன்றாம் நாள். “கேமராவைக் கிட்டக் காட்டு, வேர் எவ்ளோ வந்திருக்குது பாக்கலாம்” என்றாள்.