பொதுக் கணக்கில் சேரும் சம்பளம்

அருட்சகோதரிகள் நடத்தும் ஒரு மருத்துவமனையில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அவர்கள் தங்கியிருக்கும் இல்லத்தின் வரவு செலவையும் நான்தான் எழுதுகிறேன். சம்பளப் பட்டியல் போடும்போது மற்ற செவிலியர்களுக்கு என்ன விதியோ அதேதான் சிஸ்டர்களுக்கும். பதவி, அனுபவம், இரவுப் பணிக்கான படி எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டுவேன். ஆனால் அந்தத் தொகை யார் கைக்கும் தனியாகப் போகாது, இல்லத்தின் பொதுக் கணக்கில் சேர்ந்துவிடும். அறுவை அரங்கத்துக்குப் பொறுப்பான சிஸ்டருக்கு நல்ல சம்பளம். இல்லத்தில் சமையலைக் கவனிக்கும் சிஸ்டருக்குச் சம்பளமே கிடையாது. இருவரின் செருப்புக்கும் கண்ணாடிக்கும் பணம் எடுப்பது ஒரே கணக்கிலிருந்து.

இது ஏதோ ஒரு இல்லத்தின் பழக்கம் இல்லை. 1983-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 668-ஆம் எண், துறவி தன் உழைப்பால் ஈட்டுவது அவருடைய துறவற சபைக்கே சேரும் என்கிறது. 670-ஆம் எண் அதன் மறுபக்கம்: தன் உறுப்பினரின் அழைத்தலுக்குத் தேவையானதை எல்லாம் சபை கொடுத்தாக வேண்டும். இறுதி வார்த்தைப்பாட்டுக்கு, அதாவது வாழ்நாள் முழுவதும் துறவியாக இருப்பேன் என்று கடவுளுக்குக் கொடுக்கும் உறுதிமொழிக்கு முன், ஒவ்வொருவரும் நாட்டுச் சட்டப்படி செல்லுபடியாகும் உயிலும் எழுதிவைக்க வேண்டும். பெரும்பாலும் இளம் வயதிலேயே வார்த்தைப்பாடு கொடுக்கிறார்கள். அந்த வயதில் உட்கார்ந்து உயில் எழுதுவதை நினைத்தால் எனக்கு இன்னும் மலைப்பாகத்தான் இருக்கிறது.

ஏழ்மை வார்த்தைப்பாடு என்றால் எளிய உடை, சின்ன அறை என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறோம். எனக்கு அது புரிந்தது வரவு செலவுத் திட்டக் கூட்டத்தில். விவரம் சொல்ல என்னையும் கூப்பிடுவார்கள். காது கேட்கும் கருவியை மாற்ற வேண்டும் என்று வயதான சிஸ்டர் ஒருவர் எல்லார் முன்னாலும் கேட்க வேண்டியிருக்கும். கட்டணம் கட்ட முடியாத நோயாளிகளுக்கு ஒதுக்கும் தொகையைக் கூட்டச் சொல்வார் இன்னொருவர். கூரை பழுதைத் தள்ளிப்போட முடியாது என்பார் மூன்றாமவர். நாற்பது வயதிலும் எழுபது வயதிலும் தன் தேவையைச் சொல்லிக் கேட்டு வாங்குவதற்குத் தனி மனத்துணிவு வேண்டும். இல்லாமல் இருப்பதைவிட இப்படிக் கேட்டு வாங்குவதுதான் அந்த வார்த்தைப்பாட்டின் கடினமான பகுதி என்று எனக்குத் தோன்றுகிறது.

கூட்டத்தில் குரல் உயர்வதும் உண்டு. உடன் வாழ்பவர்களை அவர்கள் தேர்ந்தெடுத்து வரவில்லையே! ஒருவருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், இன்னொருவருக்குக் குளிர் ஆகாது. கோபித்துக்கொண்டு போன இருவரும் மாலைச் செபத்தில் எதிரெதிர் வரிசையில் நின்று ஒரே திருப்பாடலை மாறி மாறிச் சொல்லியாக வேண்டும்.

செபம்தான் இந்த இல்லத்தின் கடிகாரம். காலையில் தியானம், காலைச் செபம், திருப்பலி. அப்புறம் வார்டு. மாலையில் மறுபடி சிற்றாலயம். படுக்கும் முன் இரவுச் செபத்தில் தங்கள் உயிரைக் கடவுளின் கையில் ஒப்படைத்துவிட்டுத் தூங்கப் போகிறார்கள். மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் அவசரத்தில் நான் இருந்தாலும், மணி அடித்தால் தலைமைச் சகோதரி பேனாவை மூடிவிட்டு எழுந்துவிடுவார். பாதிக் கையெழுத்துகள் பாக்கி இருக்கும். அவர் திரும்பி வரும்போது அவசரம் இல்லாத முகத்தோடு வருவார். மீதிக் காகிதங்களை நிதானமாகப் படித்துத்தான் கையெழுத்துப் போடுவார்.

மணியையும் மீறும் ஒன்று உண்டு: அவசரப் பிரிவிலிருந்து வரும் அழைப்பு. யாருக்கு அழைப்போ அவர் எழுந்து போவார், மற்றவர்கள் செபத்தைத் தொடர்வார்கள். இதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. பெண் துறவிகள் அடைப்புக்குள்ளேயே, அதாவது மடத்தை விட்டு வெளியே வராமல், வாழ வேண்டும் என்று 1298-இல் திருத்தந்தை எட்டாம் போனிபாஸ் ஆணையிட்டிருந்தார். 1633-இல் பாரிசில் வின்சென்ட் தெ பவுலும் லூயிஸ் தெ மரியாக்கும் பிறர் அன்பின் புதல்வியர் சபையைத் தொடங்கியபோது, நோயாளிகளின் வீடுகளே உங்கள் மடம், நகரத்துத் தெருக்களே உங்கள் அடைப்பு என்று சகோதரிகளுக்குச் சொன்னார் வின்சென்ட். செபத்தை விட்டு ஏழையிடம் போவது கடவுளை விட்டுக் கடவுளிடமே போவது என்பதும் அவர் போதனை. இன்று சிஸ்டர்களை வார்டிலும் வகுப்பறையிலும் பார்ப்பது நமக்குச் சாதாரணம். அதற்கான வழி இப்படித்தான் திறந்தது.

எனக்கு மனம் ஒப்பாத ஒன்றையும் சொல்ல வேண்டும். பணிமாற்றம். குழந்தைகள் பிரிவை நல்ல நிலைக்குக் கொண்டுவந்த ஒரு சிஸ்டருக்கு மாற்றல் கடிதம் வந்தது. சில நாட்களில் சாவிக் கொத்தையும் பதிவேடுகளையும் ஒப்படைத்துவிட்டு, கையில் இரண்டு பைகளோடு கிளம்பிவிட்டார். “வருத்தமா இல்லையா சிஸ்டர்?” என்று கேட்டேன். “இருக்கும்மா. கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா இந்த வார்டு என்னோடதுன்னு நான் வரலையே” என்றார். கண் கலங்கியிருந்தது, குரல் தடுமாறவில்லை. கீழ்ப்படிதல் வலிக்காமல் வருவதில்லை என்பதை அன்று கண்ணால் பார்த்தேன். அவர் மேல் மரியாதை கூடியது. ஆனாலும் நோயாளிகளுக்காகவாவது மாற்றலை இன்னும் முன்கூட்டியே சொல்லலாம் என்ற என் எண்ணம் மாறவில்லை. தலைமைச் சகோதரியிடம் அதைச் சொன்னேன். முழுவதும் கேட்டுக்கொண்டார், மறுக்கவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் ஒப்படைப்புக் குறிப்பேடு வைத்திருக்கிறோம். மருந்துக் கொள்முதல், பழுதுக்குப் போன கருவிகள், கட்டணத் தள்ளுபடி கேட்டிருக்கும் குடும்பங்கள் எல்லாம் அதில் வாராவாரம் ஏறும். குழந்தைகள் பிரிவுக்குப் புதிதாக வந்த சிஸ்டர் முதல் நாளே அதை வாங்கிப் படித்துவிட்டு, தள்ளுபடிப் பட்டியலில் இருந்த ஒரு குழந்தையின் பெயரைச் சொல்லி, அந்த அம்மா இன்னும் வார்டில்தான் இருக்கிறாரா என்று என்னிடம் கேட்டார்.