சுகம் விசாரிக்கப் போகிறவர்களுக்கு

உப்புவெளிப் பக்கம் தெரிந்த ஒரு பிள்ளைக்கு இரத்தப் புற்றுநோய். அரச ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காசு வாங்குவதில்லை, சரி. ஆனால் திருகோணமலையிலிருந்து புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கும் மகரகமவுக்கு 250 கிலோமீற்றருக்கு மேல். பிள்ளைகளுக்கு அதிகம் வரும் லிம்போபிளாஸ்டிக் வகைக்குச் சிகிச்சை 2 முதல் 3 வருடம் இழுக்கும். அவ்வளவு காலமும் பஸ் காசு, தங்குமிடம், சாப்பாடு. தகப்பன் கடலுக்குப் போகாத நாளில் வருமானமும் இல்லை.

“யார் கண் பட்டதோ” என்று தாயிடம் கேட்கும் மாமிமாரே, தயவுசெய்து வேண்டாம். தடிமன், காய்ச்சலோடும் போகாதீர்கள். கீமோ மருந்தால், கிருமியை எதிர்க்கும் வெள்ளணு குறைந்த பிள்ளைக்கு அது பேராபத்து. அதைவிட, போனுக்கு ரீலோட் போடுங்கள். அம்மம்மாவோடு நிற்கும் மூத்தவனை டியூசனுக்கு ஏற்றி இறக்குங்கள். முடிந்தவர்கள் இரத்தம் கொடுங்கள். அதிலிருந்து பிரிக்கும் பிளேட்லெட், அதாவது இரத்தம் உறைய உதவும் அணு, எடுத்து வைத்தால் சுமார் 5 நாள்தான் தாங்கும்.